கைகளுக்கும் மனனம் வேண்டும்





கடந்த ஷவ்வால் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நமது பெண்கள் மதரஸாவின் கூடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு வகுப்பு நடைபெற்றது. மாணவிகள் விடுமுறையில் இருந்தனர். அவர்கள் அமர்ந்து ஓதும் பாய்களின் மீது மூன்று பொம்மைகள் மல்லாந்து கிடந்தன. இடுப்புக்கு மேற்பட்ட உடல் மட்டுமே கொண்ட பொம்மைகள். அவற்றைச் சுற்றி 2 மருத்துவர்களும் 14 செவிலியர்களும் முழங்காலிட்டு அமர்ந்திருந்தனர். இதயம் நின்றுவிட்ட ஒருவரை மீட்டெடுக்க முயலும் பயிற்சி அது. மருத்துவமனைகளில் அதனைச் சி.பி.ஆர். பயிற்சி என்கின்றனர்.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்து வரும் நாம், அன்று சுவரோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்து மாணவியாக இருந்தோம். அங்கே கற்றவற்றை எழுதுமாறு பலர் கேட்டுள்ளனர். எழுதலாம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ரமழானில் அதே கூடத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதனை எழுதினால் அது பாதி உண்மையாகவே இருக்கும். ஆகவே அதனையே முதலில் சொல்கிறோம்.

அந்த இரவு

அவ்வாண்டு பள்ளிவாசலில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. எனவே தராவீஹ் தொழுகைக்கு மதரஸாவின் கூடத்தைக் கொடுத்திருந்தோம். முன்பகுதியில் ஆண்கள், நடுவில் கனத்த பச்சைத் திரை, பின்பகுதியில் பெண்கள். பன்னிரண்டு ரக்அத்துகள் முடிந்து அடுத்த தக்பீர் கட்டியிருந்தோம். திரைக்கு அப்பால் ஏதோ பாரமான பொருள் விழுந்ததைப் போன்ற ஓசை கேட்டது. இமாமின் ஓதல் சற்றுத் தொடர்ந்து, பின்பு நின்றது. ஆண்களின் குரல்கள் எழுந்தன. "தண்ணீர் கொண்டு வாருங்கள்", "விசிறுங்கள்", "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்றனர்.

நமக்கு வலப்பக்கத்தில் நின்றிருந்தவள் நம்மிடம் ஏழு வயதில் அலிஃப் பா தொடங்கிய மாணவி. இப்போது ஊரில் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். ஓசை கேட்ட கணமே அவள் தொழுகையை முறித்துவிட்டுத் திரையை நோக்கி நடந்தாள். நாமும் தொழுகையை முறித்தோம். எதற்காக? அவளது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவதற்காக.

"உஸ்தாபி, அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்க்க வேண்டும்" என்றாள்.

"அங்கே முழுதும் ஆண்கள் இருக்கிறார்கள் அம்மா, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றோம். 

அவள் நம் கையை உதறவில்லை. உஸ்தாபியின் கையை உதறும் பழக்கத்தை நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நின்றாள். திரையின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தாள். பிறகு நம் முகத்தைப் பார்த்தாள். மீண்டும் திரையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அவ்வாறு கழிந்தது என்பதை அப்போது நாம் கணக்கிடவில்லை. பின்னர் அவள்தான் சொன்னாள், ஐந்து நிமிடங்களுக்குக் குறையாது என்று. 

அப்பாலிருந்து ஒருவர் உரத்த குரலில் கலிமாச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு திரையை விலக்கி உள்ளே சென்றாள். கூட்டத்தை விலக்கி அவரது மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. உண்மையைச் சொல்வதாயின், அங்கிருந்த ஆண்கள் அனைவரும் ஆறுதல் அடைந்தனர். தடுத்தது நாம் மட்டுமே. 108 வண்டி வரும்வரை அவள் நிறுத்தவில்லை. ஆயினும் மருத்துவமனையில் அவர் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆறுதலுக்கும் பொறுப்புக்கும் இடையே

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் அனைவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: அஜல் வந்துவிட்டது. ஒவ்வோர் உயிருக்கும் தவணை உண்டு என்பது நமது ஈமானின் ஒரு பகுதி. அதில் நமக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆனால் மற்றவர் சொன்னபோது ஆறுதலாக இருந்த அச்சொல், நம் வாயில் வந்தபோது நம்மைக் காத்துக்கொள்ளும் கேடயமாக மாறுவதை உணர்ந்தோம். தவணை அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. அந்த ஐந்து நிமிடங்கள் நம் கையில் இருந்தன. அவற்றைப் பற்றியே நாம் விசாரிக்கப்படுவோம்.

மேலும் ஒன்று நம்மை உறுத்திக்கொண்டிருந்தது. ருபய்யிஉ பின்த் முஅவ்வித் ரளியல்லாஹு அன்ஹா அவர்களின் அறிவிப்பை ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குக் கற்பிக்கிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடன் போர்க்களங்களுக்குச் சென்ற பெண்கள், காயமுற்றோருக்கு நீர் புகட்டினர், சிகிச்சை அளித்தனர் என்னும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் ரளியல்லாஹு அன்ஹு அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டதையும், காயமுற்றோரைப் பராமரித்த ருஃபைதா ரளியல்லாஹு அன்ஹா அவர்களையும் சொல்லிக்கொடுக்கிறோம். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்பதும், கிணற்றில் விழப்போகும் பார்வையற்றவரை உதாரணமாகக் கூறி ஃபிக்ஹு நூல்கள் விளக்கும் சட்டமே. நிர்ப்பந்த நிலையில் அந்நிய ஆண், அந்நியப் பெண் என்னும் தடை சிகிச்சைக்குக் குறுக்கே நிற்காது என்பதும் நாம் பரீட்சைக்குக் கேள்வியாகக் கேட்பதே.

இவை அனைத்தும் நம் நாவில் இருந்தன. ஓசை கேட்ட அந்தக் கணத்தில் நம் கை எதைச் செய்ததோ அது வேறு. நாவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

இத்தா முடிந்தபின் மறைந்தவரின் மனைவியிடம் சென்று நடந்ததை மறைக்காமல் சொல்லி, ஹலாலாக்கிவிடுமாறு கேட்டோம். அந்த மாமி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்கள் பிடித்து வைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்களாக வந்து சொன்னீர்கள். ஹலாலாக்கினேன். ஆனால் இனி யாருடைய கையையும் பிடிக்காதீர்கள்" என்றார். 

பொம்மைகள் வந்தன

இவ்வாண்டு ஷஅபான் மாதத்தில் அந்த மாணவி நம்மைத் தேடி வந்தாள். அவள் பணிபுரியும் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி நடத்த இடம் போதவில்லை என்றும், பெருநாளுக்குப் பின் நமது கூடத்தை ஒருநாள் தர இயலுமா என்றும் கேட்டாள். அந்த இரவைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. உடனே சம்மதித்தோம்.

நிர்வாகக் குழுவில் பெரியவர் ஒருவர், "உருவப் பொம்மைகளை மதரஸாவுக்குள் கொண்டுவரலாமா?" என்று கேட்டார். முறையான கேள்வியே. அன்னை ஆயிஷா ரளியல்லாஹு அன்ஹா அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்திருந்ததை நபியவர்கள் தடுக்கவில்லை என்பதையும், கண்ணியப்படுத்துவதற்காக அல்லாமல் கற்பதற்காகத் தரையில் கிடத்தப்படுபவை இவை என்பதையும் எடுத்துச் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார். பயிற்சியன்று தேநீருக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே.

பயிற்சி அளிக்க வந்தவர் வெளியூரைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர், ஓர் அம்மையார். தொடக்கத்தில் அப்பொம்மையின் வரலாற்றைச் சொன்னார். நார்வே நாட்டின் ஸ்டாவஞ்சர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் 1960இல் முதன்முதலில் இத்தகைய பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சே அதற்கு முகமாயிற்று. காப்பாற்ற யாருமின்றிப் போனவளாகக் கருதப்படும் ஒருத்தியின் முகத்தின் மீது உலகெங்கும் எத்தனையோ பேர் உயிர்காக்கக் கற்றுக்கொண்டனர் என்பதைக் கேட்டபோது கூடம் சற்று அமைதியாயிற்று.

மார்பை அழுத்தும் முறை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. வில்லியம் கோவன்ஹோவன் என்னும் முதிய மின்பொறியாளரிடம் பணியாற்றிய கை நிக்கர்பாக்கர் என்னும் இளம் ஆய்வாளர், மின் அதிர்ச்சி கொடுப்பதற்கான கனமான தகடுகளை ஆய்வு நாயின் மார்பில் அழுத்தி வைத்தபோதே இரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கவனித்தார். இதனை அலட்சியம் செய்யாமல் அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர, மூவரும் 1960இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். அதுவரை நின்ற இதயத்தை இயக்க மார்பைப் பிளந்து கையால் பிசைவதே வழக்கமாக இருந்தது. இளையவர் ஒருவர் கண்டதை மூத்தவர் செவிமடுத்ததால் உலகுக்குக் கிடைத்த நன்மை இது.

ஹிஃப்ழும் கைகளும்

பின்பு பயிற்சி தொடங்கியது. பொம்மையின் மார்புக்குள் அளவுக் கருவி இருந்தது. அழுத்தம் சரியாக விழுந்தால் பச்சை விளக்கு எரியும். வளர்ந்த மனிதருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 6 சென்டிமீட்டரைத் தாண்டவும் கூடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். மேலெழும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் வந்து நிறைகிறது. முப்பது அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு. இடையில் 10 விநாடிகளுக்கு மேல் கையை எடுக்கலாகாது.

முதலில் அமர்ந்தவர் பல்லாண்டு அனுபவமுள்ள மருத்துவர். பச்சை விளக்கு எரியவில்லை. அழுத்தம் ஆழமாக இருந்தது, ஆனால் மார்பு மேலெழ விடாமல் அதன்மீது சாய்ந்தபடியே இருந்தார். அடுத்து மூத்த செவிலியர். வேகம் மிகுந்துவிட்டது. இப்படியே ஒவ்வொருவரும் தவறினர். நாம் வியப்படைந்தோம். இவர்கள் அனைவரும் முன்பே இப்பயிற்சியில் தேறிச் சான்றிதழ் பெற்றவர்கள் அல்லவா?

பயிற்சியாளர் சிரித்தவாறே விளக்கினார். சான்றிதழ் பொதுவாக 2 ஆண்டுகளுக்குச் செல்லும். கைகளில் உள்ள திறனோ சில மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடும். இதயம் நிற்பது சிறிய மருத்துவமனைகளில் அன்றாடம் நிகழ்வதன்று. நிகழாத காரியத்துக்குக் கை தயாராக இருக்க வேண்டுமாயின், நிகழாத நாட்களில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே நாளில் நீண்ட நேரம் கற்பதைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் செய்து பார்ப்பது நிலைக்கும் என்றார்.

இது ஹிஃப்ழு வகுப்பின் பாடம் அன்றோ! மனனம் செய்த பிள்ளையிடம் நாம் முதலில் சொல்வது என்ன? முப்பது ஜுஸுவையும் முடித்துவிட்டேன் என்று எண்ணாதே, முடித்த நாளிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. கயிறு கட்டிய ஒட்டகத்தைப் போன்றது மனனம், கவனிக்காவிட்டால் ஓடிவிடும் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. எனவேதான் புதிய பாடம் சிறிதாகவும் பழைய பாடம் பெரிதாகவும் இருக்கும்படி தினமும் தௌர் எடுக்கிறோம். பட்டம் பெற்ற ஹாஃபிழ்கூட ரமழான் நெருங்கும்போது இன்னொரு ஹாஃபிழிடம் ஓதிக் காட்டுகிறார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. 

அங்கிருந்த மருத்துவர்களும் வெட்கப்படவில்லை. தம்மிடம் பணிபுரியும் செவிலியர்களின் முன்னிலையில் அந்த மூத்த மருத்துவர் பச்சை விளக்கு எரியும்வரை நான்கு முறை முயன்றார். அறிவு உடையோருக்கு இருக்க வேண்டிய பணிவை அன்று கண்ணால் கண்டோம்.

லுக்மா கொடுத்தல்

பிற்பகலில் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒருவர் தலைவர். அவர் நோயாளியைத் தொடாமல் சற்று விலகி நின்று அனைத்தையும் கவனிப்பார். ஒருவர் மார்பை அழுத்துவார். ஒருவர் பையின் மூலம் மூச்சுக் கொடுப்பார். ஒருவர் மின் அதிர்ச்சிக் கருவியைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் மருந்து கொடுப்பார். ஒருவர் மணி பார்த்துக் குறித்துக்கொள்வார். 2 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் மாற வேண்டும். களைத்த கை தன்னை அறியாமலே ஆழம் குறைத்துவிடும். தலைவர் சொல்வதைக் கேட்டவர் அப்படியே வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், செய்து முடித்ததும் மீண்டும் சொல்ல வேண்டும். "அட்ரினலின் 1 மில்லிகிராம்" என்று தலைவர் சொன்னால், "அட்ரினலின் 1 மில்லிகிராம், கொடுக்கிறேன்" என்றும், பின்பு "கொடுத்துவிட்டேன்" என்றும் குரல் வர வேண்டும். தலையசைப்பு போதாது.

மூன்றாவது சுற்றில் ஒன்று நிகழ்ந்தது. தலைவராக நின்ற மருத்துவர், "அட்ரினலின் 10 மில்லிகிராம்" என்றார். மருந்துப் பொறுப்பில் இருந்த இளம் செவிலியர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பின்பு தலைகுனிந்து ஊசியை எடுத்தார். பயிற்சியாளர் கை உயர்த்தி நிறுத்தினார். வேண்டுமென்றே தவறாகச் சொல்லும்படி அம்மருத்துவரிடம் அவர்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

"தவறு என்று உங்களுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டார். 

"தெரிந்தது அம்மா." 

"பிறகு ஏன் சொல்லவில்லை?" 

அப்பெண் பதில் சொல்லவில்லை. கண்கள் கலங்கின. "டாக்டர் சொல்லும்போது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

நமக்கு அடிவயிறு கலங்கியது. ஓராண்டுக்கு முன் இதே கூடத்தில் நம் முகத்தைப் பார்த்துவிட்டு நின்ற இன்னொரு செவிலியரை நினைத்தோம். அவள் அறைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்தாள். நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பயிற்சியாளர் அப்பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. தலைவராக இருந்த மருத்துவரிடமே திரும்பி, "உங்கள் முன் பேச அவர்களுக்குத் துணிவு வராவிட்டால் அது முதலில் உங்கள் குறை. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன், நான் தவறினால் சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார்.

தேநீர் இடைவேளையில் நாம் பயிற்சியாளரிடம் அனுமதி பெற்று எழுந்து ஒரு செய்தியைச் சொன்னோம். நமது தொழுகையில் இமாமே தலைவர், அவரை முந்த எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அவர் ஓதலில் தடுமாறினால் பின்னால் நிற்பவர் சரியான வசனத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும். இதனை லுக்மா கொடுத்தல் என்கிறோம். செயலில் தவறினால் ஆண்கள் தஸ்பீஹ் சொல்வார்கள், பெண்கள் கையைத் தட்டுவார்கள். எல்லோருக்கும் பின்னால், கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் இமாமைத் திருத்த மார்க்கம் ஒரு வழியை வைத்திருக்கிறது. 

ஒருமுறை நபியவர்களே நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்துவிட்டார்கள். அபூபக்ர், உமர் ரளியல்லாஹு அன்ஹுமா போன்றோர் அங்கே இருந்தும் நபியவர்கள் மீதிருந்த மதிப்பச்சத்தால் பேசவில்லை. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒரு தோழர்தாம் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபியவர்கள் சினம் கொள்ளவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்து, விடுபட்டதை நிறைவு செய்தார்கள். துல்யதைன் என்னும் சொல்லுக்கு இரு கைகளை உடையவர் என்பது பொருள்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த மூத்த மருத்துவர், "இதை எங்கள் அவசரப் பிரிவின் சுவரில் எழுதி வைக்க வேண்டும்" என்றார். அடுத்த சுற்றில் அதே இளம் செவிலியர், மற்றொரு தவறான அளவு சொல்லப்பட்டபோது, "டாக்டர், அளவைச் சரிபாருங்கள், 1 மில்லிகிராம்தானே?" என்று கூடம் முழுதும் கேட்கும்படி சொன்னார். அனைவரும் கைதட்டினர். 

மூச்சு என்று எண்ணியது

நாம் அறியாதிருந்த ஒன்றையும் அன்று அறிந்தோம். இதயம் நின்றவுடன் சிலருக்கு வாய் திறந்து திறந்து மூடும், திணறலாக ஓர் ஒலி வரும். பார்ப்பவர்கள் மூச்சு இருக்கிறது என்று எண்ணிக் காத்திருப்பார்கள். அது மூச்சன்று, இதயம் நின்றதன் அடையாளம். அழைத்தால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் உடனே தொடங்க வேண்டும். நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். மின் அதிர்ச்சியால் மீளக்கூடிய வகையில் இதயம் நின்றிருந்தால், அழுத்தமும் இன்றி மின் அதிர்ச்சியும் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகும். திரைக்கு அப்பாலிருந்து அன்றிரவு வந்த "மூச்சு இருக்கிறது" என்னும் குரல் நம் காதில் மீண்டும் ஒலித்தது.

இந்தியாவில் மயக்கவியல் மருத்துவர்களின் முன்முயற்சியால் 2017இல் வெளியான வழிகாட்டு நெறிகள், இப்பயிற்சியை மூன்று படிகளாகப் பிரித்துள்ளன. மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் செய்ய வேண்டியது ஒன்று. பயிற்சி பெற்றோர் மருத்துவமனைக்கு வெளியே செய்ய வேண்டியது இன்னொன்று. பொதுமக்கள் செய்யக்கூடியது மூன்றாவது. இதில் வாய்வழி மூச்சு இல்லை, மார்பை அழுத்துவது மட்டுமே. நீரில் மூழ்கியோருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் முக்கியம் என்பதை மருத்துவர் தனியே விளக்கினார். கூச்சத்தினால் தயங்கும் நம்மைப் போன்றோருக்கு, இரு கைகள் போதும் என்னும் செய்தி பெரிய எளிமையாகும்.

இறுதியில் நம்மையும் அழைத்தார்கள். முழங்காலிட்டு அமர்ந்தோம். பொம்மை கிடந்த இடம், அவர் விழுந்த இடத்திலிருந்து நான்கைந்து அடி தொலைவே இருக்கும். அந்த மாணவி எதிரே வந்து அமர்ந்து, நம் மணிக்கட்டைப் பிடித்து மார்பின் நடுவே வைத்தாள். "முழங்கையை மடக்காதீர்கள் உஸ்தாபி. தோளிலிருந்து பாரத்தை இறக்குங்கள். நான் எண்ணுகிறேன்" என்றாள். முப்பதை எட்டுமுன் மூச்சு வாங்கியது. ஒரு நிமிடத்தில் கைகள் நடுங்கின. அன்றிரவு வண்டி வரும்வரை அவள் ஒருத்தியாகவே இதனைச் செய்தாள் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. மாறிக்கொள்ள ஒருவர்கூட நம்மிடையே இல்லை. பச்சை விளக்கு எரிந்தபோது அவள் "மாஷா அல்லாஹ்" என்றாள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே தொனியில்.

விடைபெறும்போது, ஓராண்டாகக் கேட்க அஞ்சியதைக் கேட்டோம். தடுக்காமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அவள் பொய்யான ஆறுதல் சொல்லவில்லை. "தெரியாது உஸ்தாபி. எல்லாம் சரியாகச் செய்தாலும் திரும்பாதவர்களே அதிகம். எங்களுக்கு அதையும் கற்றுக்கொடுக்கிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும், வீட்டாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று. ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோமா என்று அடுத்த நாள் உட்கார்ந்து பேசுவோம்" என்றாள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கூறும் நபிமொழிக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரையை நாம் படித்ததில்லை. உயிரைத் தருபவனும் எடுப்பவனும் அல்லாஹ் ஒருவனே. முடிவு அவனுடையது, முயற்சி நம்முடையது.

நாம் செய்யக்கூடியவை

இப்போது நமது மதரஸாவில் மூத்த மாணவிகள் மாதம் ஒருமுறை, தௌர் முடிந்தபின் பத்து நிமிடங்கள் கை பழகுகின்றனர். பொம்மை இல்லாதபோது கெட்டியான தலையணை. அந்த மாணவியே வந்து சொல்லிக்கொடுக்கிறாள். ரமழான் முதல் இரவில், ஜமாஅத்தில் மருத்துவரோ செவிலியரோ இருந்தால் ஆபத்து நேரத்தில் திரையைப் பாராமல் முன்வர வேண்டும் என்றும், அவர்களுக்கு வழிவிடுவது நம் கடமை என்றும் இமாம் அறிவிக்க ஜமாஅத்தினர் ஒப்புக்கொண்டுள்ளனர்.

உங்கள் ஊரிலும் சிறிய மருத்துவமனைகள் இருக்கும். அங்குள்ளோர் பயிற்சிக்கு இடமின்றித் தவிக்கலாம். நமது மதரஸாக் கூடங்களும் திருமண மண்டபங்களும் ஆண்டில் எத்தனையோ நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒருநாள் திறந்து கொடுங்கள். உங்கள் பெண்மக்களில் செவிலியராக இருப்போரை, இரவுப்பணிக்குச் செல்கிறாள் என்று குறைபேசாமல், ருபய்யிஉ அம்மையாரின் வழிவந்தவளாகக் கண்ணியப்படுத்துங்கள். அவள் எழுந்து நடந்தால் கையைப் பிடிக்காதீர்கள். 

யா அல்லாஹ்! மறைந்த அந்தச் சகோதரரின் மண்ணறையை விசாலமாக்குவாயாக. எங்கள் தயக்கத்தை மன்னிப்பாயாக. இரவு பகலாகப் பிறர் உயிருக்காகக் கண்விழிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக. எங்கள் நாவில் இருக்கும் இல்மை எங்கள் கைகளில் அமலாக்கித் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.